கம்ப்யூட்டர் ‘நில்’ என்றது... மேனேஜர் என்ன செய்தார்?

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் ஒரு மீனவர் குப்பம்தான் எனக்குச் சொந்த ஊர். சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். பொன்னேரி வழியாகப் பஸ்ஸில் வரலாம். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாட்களில் கடலுக்குப் போகக் கூடாது என்று எங்கள் ஊருக்கு முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். வலையை மடித்து வைத்துவிட்டு, ஊரே கரையில் நின்று வடக்குப் பக்கம் பார்த்துக் கொண்டிருக்கும். முதலில் வெளிச்சம் தெரியும். சற்று நேரம் கழித்துத்தான் சத்தம் வரும். ஏரியில் நிற்கும் பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பும்.

அந்தக் கரையில் நின்று வேடிக்கை பார்த்த பையன்களில் ஒருவன்தான் நான். இன்ஜினியரிங் படித்து, சென்னையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து, ஆறு ஆண்டுகள் புரோகிராம் எழுதினேன். சென்ற ஆண்டு என்னை ‘இன்ஜினியரிங் மேனேஜர்’ ஆக்கினார்கள். ஊருக்குப் போன் செய்து சொன்னேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். உடனே ஒரு கேள்வியும் கேட்டார்: “அப்போ இனிமே கம்ப்யூட்டர்ல நீ என்னப்பா பண்ணுவே?”

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு மாதங்களும் ஒரு பெரிய தவறும் தேவைப்பட்டன. அந்தப் பதிலைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? உங்கள் வீட்டிலும் ஒரு மகனோ மகளோ சாப்ட்வேர் துறையில் இருக்கலாம். ‘பிரமோஷன் வந்திருக்கு’ என்று சொல்லிவிட்டு முகம் வாடி இருக்கலாம். அதோடு, கம்ப்யூட்டர் ‘நில்’ என்று சொல்லும்போது என்ன செய்வது என்ற கேள்வி, ராக்கெட் விடுபவருக்கும் உண்டு. வீட்டில் கடிதம் டைப் செய்பவருக்கும் உண்டு. பொறுமையாகப் படியுங்கள்.

இன்ஜினியர், மேனேஜர்: என்ன வித்தியாசம்?

நீங்கள் பயன்படுத்தும் எந்த சாப்ட்வேராக இருந்தாலும் அதை ஒரே ஆள் உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டார். ஒருவர் திரையில் தெரியும் பட்டன்களையும் படிவங்களையும் எழுதுவார். இன்னொருவர் தகவல்களைச் சேமிக்கும் பகுதியை எழுதுவார். மூன்றாமவர் எழுதியதெல்லாம் சரியாக ஓடுகிறதா என்று சோதிப்பார். இப்படி ஐந்து, ஆறு பேர் கொண்ட குழுவுக்கு ஒருவர் பொறுப்பு. அவர்தான் இன்ஜினியரிங் மேனேஜர்.

யார் எந்த வேலையைச் செய்வது, எது முதலில், எது பிறகு, யாருக்கு எங்கே சிக்கல், வாடிக்கையாளரிடம் எந்தத் தேதியைச் சொல்வது - இவை எல்லாம் அவர் வேலை. புரோகிராம் எழுதுவது அவருடைய முக்கிய வேலையாக இருக்காது. அதைக் குழுவில் இருப்பவர்கள் பார்த்துக் கொள்வார்கள்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். ஒருவரை மேனேஜர் ஆக்கும்போது பெரும்பாலும் என்ன பார்ப்பார்கள் தெரியுமா? அவர் நன்றாகப் புரோகிராம் எழுதுகிறாரா என்று பார்ப்பார்கள். நன்றாக எழுதுகிறார் என்பதற்காகவே, அவரை எழுதாத வேலைக்கு மாற்றுவார்கள்! நன்றாக வலை வீசுகிறான் என்பதற்காக ஒருவனைப் படகிலிருந்து இறக்கிக் கரையில் உட்கார வைத்த மாதிரி. கை சும்மா இருக்காது. என் கையும் சும்மா இருக்கவில்லை.

முதல் மூன்று மாதம்

பகல் முழுவதும் மீட்டிங். மாலை ஆறு மணிக்கு எல்லோரும் கிளம்பிய பிறகு, குழுவில் யாராவது பாதி எழுதி வைத்திருந்ததைத் திறந்து நானே எழுதி முடித்துவிடுவேன். ‘உதவி செய்கிறேன்’ என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் அந்தப் பையன் வந்து பார்ப்பான். அவன் இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தது அங்கே இருக்காது. நான் எழுதியதுதான் இருக்கும். ஒன்றும் சொல்ல மாட்டான். ‘தேங்க்ஸ் அண்ணா’ என்பான்.

மூன்றாவது மாதம் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். குழுவில் யாரும் எதையும் முழுதாக முடிப்பதில்லை. எப்படியும் ராத்திரி அண்ணன் மாற்றி எழுதுவார், நாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. ஆறு பேர் குழுவில் ஐந்து பேர் பாதி வேலை செய்ய, நான் ஒருவனே இரண்டு ஆள் வேலை செய்துகொண்டிருந்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. உறைக்க வைத்தது ஒரு வெள்ளிக்கிழமை.

ஒரு சிவப்பு வரி

நாங்கள் எழுதுவது மருந்துக் கடைகளுக்கான பில் போடும் சாப்ட்வேர். கடையில் எந்த மருந்து எத்தனை இருக்கிறது என்ற கணக்கும் அதிலேயே வரும். மாதம் ஒருமுறை புதிய வசதிகளைச் சேர்த்துக் கடைகளுக்கு அனுப்புவோம். இதை ‘ரிலீஸ்’ என்பார்கள். உங்கள் கம்ப்யூட்டரிலும் மொபைலிலும் ‘அப்டேட் வந்திருக்கிறது’ என்று செய்தி வருகிறதல்லவா, அதே கதைதான்.

ரிலீஸ் செய்வதற்கு முன் கம்ப்யூட்டரே சில நூறு சோதனைகளைத் தானாக ஓட்டிப் பார்க்கும். சரியாக இருந்தால் பச்சை. தவறு இருந்தால் சிவப்பு. அந்த வெள்ளிக்கிழமை மாலை எல்லாம் பச்சை, ஒன்று மட்டும் சிவப்பு. வாடிக்கையாளர் திருப்பித் தந்த மருந்தைக் கணக்கில் சேர்க்கும் பகுதி அது. நான்கு ஆண்டுகளுக்கு முன் நானே எழுதியது. அந்தச் சோதனை சில நாள் காரணமே இல்லாமல் சிவப்பு காட்டும் என்று எனக்குத் தெரியும்.

குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் என் மேஜைக்கு வந்தாள். “அண்ணா, இது எப்பவும் வர்ற சிவப்பு மாதிரி தெரியல. வேற வரியில நிக்குது” என்றாள்.

“அது நான் எழுதுனதும்மா. எனக்குத் தெரியும். அனுப்பிடு” என்றேன்.

அவள் இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தாள். நான் ஏற்கனவே பையைத் தோளில் மாட்டியிருந்தேன். அனுப்பிவிட்டாள்.

சனிக்கிழமை காலையிலிருந்து போன். திருப்பித் தந்த மருந்து கணக்கில் இரண்டு முறை ஏறிக் கொண்டிருந்தது. இல்லாத மருந்தைக் கம்ப்யூட்டர் ‘இருக்கிறது’ என்று காட்டியது. ஒரு கடைக்காரர் சொன்னதை என்னால் மறக்க முடியாது. இன்சுலின் இருக்கிறதா என்று ஒரு பெரியவர் போனில் கேட்டிருக்கிறார். கடைக்காரர் திரையைப் பார்த்து ‘இருக்குங்க’ என்று சொல்லியிருக்கிறார். பெரியவர் இரண்டு பஸ் மாறி வந்து நின்றபோது பிரிட்ஜில் ஒன்றுகூட இல்லை. கடைக்காரர் வேறு கடைக்கு ஆளை அனுப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறார். வேறு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால்?

பழைய சாப்ட்வேரை மறுபடி எல்லாக் கடைகளிலும் போட்டு, கணக்கைச் சரி செய்து முடிக்க ஞாயிறு மாலை ஆகிவிட்டது.

திங்கட்கிழமை காலை வாடிக்கையாளர்களோடு மீட்டிங். நான் தூங்காமல் வந்திருந்தேன். என் மேலதிகாரி எனக்கு முன்பே பேச ஆரம்பித்தார். தேதி கொடுத்தது நான், சோதனைக்குப் போதுமான நேரம் ஒதுக்காதது என் பொறுப்பு, இனி இப்படி நடக்காது என்று சொன்னார். என் பெயரோ அந்தப் பெண்ணின் பெயரோ வரவே இல்லை.

மீட்டிங் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கேள்விதான் கேட்டார்.

“எந்த வரியில நிக்குதுன்னு அந்தப் பொண்ணு சொன்னாளே, நீ பார்த்தியா?”

“இல்ல சார்.”

“பார்த்திருந்தா எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?”

“ரெண்டு நிமிஷம் சார்.”

அவ்வளவுதான். “சரி, போய் வேலையைப் பாரு” என்றார்.

1979: எங்கள் ஊருக்கு எதிர்க்கரையில்

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். கரையில் உட்கார்ந்து ஸ்ரீஹரிகோட்டா பக்கம் பார்த்துக் கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடத்தில் கேட்ட பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆனால் அதில் ஒரு கம்ப்யூட்டர் வருவதைப் பலர் கவனிப்பதில்லை.

டாக்டர் அப்துல் கலாம் அடிப்படையில் ஓர் இன்ஜினியர். ராமேஸ்வரத்தில் பிறந்து, சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தவர். ராணுவ ஆராய்ச்சித் துறையில் ‘நந்தி’ என்ற ஹோவர்கிராப்ட்டை உருவாக்கியவர். 1969-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். இந்தியா தன் சொந்த ராக்கெட்டில் செயற்கைக்கோள் அனுப்ப வேண்டும் என்ற எஸ்.எல்.வி.-3 திட்டத்துக்கு அவரைத் திட்ட இயக்குநர் ஆக்கினார்கள். இஸ்ரோவின் தலைவர் அப்போது பேராசிரியர் சதீஷ் தவான்.

எஸ்.எல்.வி.-3 இன்றைய ராக்கெட்டுகளோடு ஒப்பிட்டால் சிறியது. 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு அடுக்குகள். சுமார் 40 கிலோ எடையுள்ள செயற்கைக்கோளைத்தான் தூக்கும். ஆனால் அதற்கு முன் நம் நாட்டில் யாரும் செய்யாத வேலை. இத்தனை பாகங்களையும் ஒரே ஆள் கையால் செய்ய முடியாது. எரிபொருளுக்கு ஒரு குழு, கட்டுப்பாட்டுக்கு ஒரு குழு, ஏவுதளத்துக்கு ஒரு குழு. எல்லோரையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் தயாராக்குவதுதான் திட்ட இயக்குநரின் வேலை. பெயர்தான் வேறு. நம் கணக்கில் அவர் ஓர் இன்ஜினியரிங் மேனேஜர்.

1979 ஆகஸ்ட் 10. ராக்கெட் ஏவுவதற்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது, கம்ப்யூட்டர் ஒவ்வொரு பாகமாகச் சரி பார்த்துக் கொண்டு வந்தது. திடீரென்று நிறுத்திவிட்டது. கட்டுப்பாட்டுப் பகுதியில் ஏதோ சரியில்லை என்று திரையில் காட்டியது. கலாம் தம்முடன் இருந்த நிபுணர்களைக் கேட்டார். அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, கைவசம் போதுமான இருப்பு இருக்கிறது, கவலை வேண்டாம் என்றார்கள். கலாம் கம்ப்யூட்டரைத் தாண்டி, மனிதக் கட்டுப்பாட்டில் ராக்கெட்டை ஏவ முடிவெடுத்தார். இதை அவரே பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

முதல் அடுக்கு நன்றாக வேலை செய்தது. இரண்டாம் அடுக்கில் ராக்கெட் கட்டுப்பாட்டை இழந்தது. புறப்பட்டுச் சுமார் ஐந்து நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. பிறகு ஆராய்ந்து பார்த்தபோது, இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு பழுதாகி, அதற்கு வேண்டிய நைட்ரிக் அமிலம் கசிந்து போயிருந்தது தெரிந்தது.

கம்ப்யூட்டர் சொன்னது சரி!

அன்றைக்குப் பத்திரிகையாளர்கள் முன்னால் யார் போய் நின்றது? சதீஷ் தவான். தோல்விக்குத் தாம் பொறுப்பு என்றார். குழு கடுமையாக உழைத்திருக்கிறது, அவர்களுக்கு இன்னும் தொழில்நுட்ப உதவி தேவை, அடுத்த ஓராண்டில் வெற்றி பெறுவோம் என்று உறுதி சொன்னார். சொன்னது போலவே 1980 ஜூலை 18-ல் எஸ்.எல்.வி.-3, 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அன்றைக்குத் தவான் கலாமிடம், இன்று நீங்கள் போய்ப் பத்திரிகையாளர்களிடம் பேசுங்கள் என்றார். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு 2002-ல் சதீஷ் தவான் விண்வெளி மையம் என்று பெயர் வைத்தார்கள்.

கதையிலிருந்து நான் கற்றது

இந்தக் கதையைச் சொல்பவர்கள் ‘தோல்வியைத் தலைவன் ஏற்க வேண்டும், வெற்றியைக் குழுவுக்குக் கொடுக்க வேண்டும்’ என்று முடிப்பார்கள். அது சரிதான். என் மேலதிகாரி எனக்குச் செய்ததும் அதுவே. ஆனால் என்னை உறுத்தியது வேறொரு இடம்.

கலாமும் சிவப்பு எச்சரிக்கையைத் தாண்டினார். நானும் தாண்டினேன். இரண்டும் ஒன்றா? இல்லவே இல்லை. கலாம் முடிவெடுப்பதற்கு முன், அந்தப் பகுதியைத் தெரிந்தவர்களைக் கேட்டார். அவர்கள் கணக்குப் போட்டுப் பதில் சொன்னார்கள். அதை வைத்து முடிவெடுத்தார். அப்படிக் கேட்டும் தவறிப் போனது. எந்தத் தொழிலிலும் அது நடக்கும். என் விஷயத்தில், தெரிந்த ஆள் தானாகவே என் மேஜைக்கு வந்து சொன்னாள். நான் கேட்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஞாபகத்தை வைத்து முடிவெடுத்தேன். மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், முடிவெடுத்தது பழைய புரோகிராமர்.

ராத்திரியில் மற்றவர்களின் வேலையை நான் மாற்றி எழுதியதும் இதே நோய்தான் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்குத் தெரியும் என்ற எண்ணம் காதை அடைத்துவிடுகிறது.

நைனா சொன்ன பாடு

அன்று இரவு நடந்ததையெல்லாம் நைனாவிடம் சொன்னேன். எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். கம்ப்யூட்டர் அவருக்குத் தெரியாது. ஆனால் ‘பாடு’ தெரியும்.

பாடு என்பது பழவேற்காடு ஏரியில் தலைமுறை தலைமுறையாக இருந்து வரும் ஏற்பாடு. முகத்துவாரத்தை ஒட்டி இறால் நடமாட்டம் அதிகமுள்ள இடங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் வலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். அதனால் யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக் கொள்வார்கள். உன் முறை வரும் நாளில் அந்த இடம் உன்னுடையது. மற்ற நாளில் அங்கே நீ வலை கட்டக் கூடாது. இந்த முறையில் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடவில்லை. அதை வைத்து ஊர்களுக்குள் சச்சரவு வந்ததும் உண்டு. ஆனாலும், ஓர் இடத்தைப் பலர் பங்கு போட்டுப் பிழைப்பதற்கு எங்கள் பெரியவர்கள் கண்ட வழி அது. நைனா சில ஆண்டுகள் பாட்டுக் கணக்கைப் பார்த்துக் கொண்டவர்களில் ஒருவர்.

“அடுத்தவன் முறையில அவன் வலையைத் தப்பாக் கட்டுறான்னு வையி. உனக்குக் கண்ணுல தெரியுது. என்ன நைனா பண்ணுவே?” என்று கேட்டேன்.

“சொல்லுவேன்.”

“கேக்கலன்னா?”

“சொல்லலாம்டா. கை வெக்கக் கூடாது. அது அவன் பாடு.” கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “ஒருநாள் சின்னப் பையன் ஒருத்தன்கிட்ட, வலையை அந்தாண்ட கட்டுடான்னு கத்துனேன். அவன், ‘காலையிலேர்ந்து நீரோட்டம் மாறிடுச்சு, நீ இன்னும் தண்ணியில எறங்கல’ன்னான். எறங்கிப் பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. கரையில நிக்கிறவனுக்குத் தண்ணி தெரியாது. எறங்குனவனைக் கேட்டுக்கணும்.”

திங்கட்கிழமை காலையில் அலுவலகம் போனதும் அந்தப் பெண்ணிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன், குழு முன்னால். அடுத்து ஒரு விதி போட்டோம். ரிலீஸ் அன்று சிவப்பு எரிந்தால், யார் வேண்டுமானாலும் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லலாம். சொன்னவர் கடைசியாகச் சேர்ந்தவராக இருந்தாலும், என்ன என்று பார்த்த பிறகுதான் மேலே போக வேண்டும். நிறுத்தியதற்காக யாரையும் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. மாலை ஆறு மணிக்கு மேல் மற்றவர்கள் எழுதியதை நான் தொடுவதையும் அன்றோடு விட்டேன். முதல் இரண்டு வாரம் கை நடுங்கியது என்றே சொல்லலாம்!

அந்த விதிக்குப் பிறகு மூன்று முறை ரிலீஸை நிறுத்தியிருக்கிறோம். இரண்டு முறை ஒன்றுமில்லை, வீண் பயம். ஒருமுறை உண்மையான தவறு. மூன்றுக்கு ஒன்று பழுதில்லை.

நிறுத்துவது தோல்வியா?

நிறுத்தினால் மானம் போய்விடும் என்ற பயம் எல்லா மேனேஜருக்கும் உண்டு. தேதி சொல்லிவிட்டோமே, மேலே என்ன நினைப்பார்கள் என்ற பயம். இதற்கும் எங்கள் எதிர்க்கரையிலேயே பதில் இருக்கிறது.

2019 ஜூலை 15 அதிகாலை சந்திரயான்-2 புறப்பட வேண்டும். நாங்கள் தூங்காமல் மொட்டை மாடியில் காத்திருந்தோம். புறப்பட 56 நிமிடங்கள் இருக்கும்போது தொழில்நுட்பக் கோளாறு என்று நிறுத்திவிட்டார்கள். நாடே பார்த்துக் கொண்டிருந்த நேரம். ஒரே வாரத்தில் சரி செய்து, ஜூலை 22 அன்று மதியம் வெற்றிகரமாக ஏவினார்கள். நிறுத்திய அந்த ராத்திரி நாங்கள் எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக் கொண்டு கீழே இறங்க, நைனா மட்டும், “நல்லதாப் போச்சு. போனப்புறம் தெரிஞ்சா என்ன பண்றது?” என்றார்.

2023 அக்டோபர் 21 இன்னும் அருமையான உதாரணம். மனிதனை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கான சோதனை ராக்கெட். புறப்பட 5 வினாடி இருக்கும்போது கம்ப்யூட்டர் தானாகவே நிறுத்திவிட்டது. அதைத் தாண்டி ஏவ யாரும் அவசரப்படவில்லை. இஸ்ரோ தலைவர் சோம்நாத் நேரலையில் வந்து, ராக்கெட் பத்திரமாக இருக்கிறது, காரணத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்து, அன்றே காலை 10 மணிக்கு ஏவினார்கள். வெற்றி! 1979-க்கும் 2023-க்கும் நடுவே 44 ஆண்டுகள். அதே தீவு. அதே ‘நில்’.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் ‘நில்’ சொல்லும்

இப்போது உங்கள் மேஜைக்கு வருவோம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதிகம் செய்யும் தவறு எது தெரியுமா? திரையில் ஏதாவது பெட்டி தோன்றினால் படிக்காமலே ‘ஓகே’ என்று கிளிக் செய்வது! ‘இதே பெயரில் ஒரு பைல் இருக்கிறது, அதன் மேல் எழுதட்டுமா?’ என்று கம்ப்யூட்டர் கேட்கும். நாம் ‘எஸ்’ சொல்லிவிடுவோம். நேற்று இரண்டு மணி நேரம் டைப் செய்த கடிதம் போயே போய்விடும்.

எனவே, பெட்டி வந்தால் மவுஸிலிருந்து கையை எடுங்கள். இரண்டு நிமிடம் செலவழித்துப் படியுங்கள். புரியவில்லையா? விண்டோஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் கீ, ஷிப்ட் கீ, எஸ் கீ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திரையில் வேண்டிய பகுதியை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தால் அது படமாகிவிடும். அந்தப் படத்தை விவரம் தெரிந்த ஒருவருக்கு அனுப்பிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். கலாமே கேட்டார்!

முக்கியமான பைல்களை வாரம் ஒருமுறை பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ காப்பி செய்து வையுங்கள். எங்களிடம் பழைய சாப்ட்வேர் பத்திரமாக இருந்ததால்தான் ஞாயிற்றுக்கிழமையோடு பிழைத்தோம்.

புதிய மேனேஜர்களுக்கு ஆறு குறிப்புகள்

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இந்தப் பகுதியை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள்.

1. குழுவில் ஒவ்வொருவருக்கும் வாரம் அரை மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். நீங்கள் பேசுவதற்கு அல்ல, கேட்பதற்கு.

2. அவர்கள் வேலையில் தவறு தெரிந்தால் சொல்லுங்கள். நீங்களே திருத்தி எழுதாதீர்கள். அது அவர்கள் பாடு.

3. ‘எனக்குத் தெரியும்’ என்று சொல்ல வாய் வரும்போது, ‘காட்டு, பார்ப்போம்’ என்று மாற்றிச் சொல்லுங்கள்.

4. நிறுத்தச் சொல்லும் உரிமையை எல்லோருக்கும் கொடுங்கள். வீணாக நிறுத்தியவரையும் பாராட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

5. தவறு நடந்தால் வெளியாட்கள் முன் குழுவில் யார் பெயரையும் சொல்லாதீர்கள். உள்ளே, தனியாக, என்ன நடந்தது என்று கேளுங்கள்.

6. எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் சாப்ட்வேரில் ஒரு பட்டியல் போடுங்கள். முதல் பத்தியில் வேலை, அடுத்ததில் யார் பொறுப்பு, மூன்றாவதில் எந்தத் தேதி, நான்காவதில் ‘சந்தேகம்’. அந்த நான்காவது பத்தியை அந்தந்த வேலைக்குப் பொறுப்பானவர்களே நிரப்பட்டும். தினமும் காலையில் அதை மட்டும் முதலில் படியுங்கள். வீட்டில் கல்யாண வேலைக்கும் இதே பட்டியல் உதவும்!

போன மாதம் அம்மா மறுபடியும் போனில் கேட்டார். “என்னதான்பா பண்றே நீ இப்போ? டைப்பும் அடிக்கிறதில்லன்றே...”

“தண்ணியில எறங்குனவங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டு இருக்கேம்மா” என்றேன்.

அம்மாவுக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நைனா சிரிப்பது போனில் கேட்டது.